வன்தட்டுக்குக் கேஷ் அமைத்தவர்களின் அனுபவப் பகிர்வு

திரியைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். மேசைக் கணினியின் வன்தட்டு மந்தமாக இருக்கிறது, அதற்குக் கேஷ் (அடிக்கடி வேண்டிய தரவின் நகலை விரைவான நினைவகத்தில் வைக்கும் ஏற்பாடு) அமைத்தால் வேகம் கூடுமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமைத்துப் பயன்படுத்தியவர்கள் எந்த வேலையில் பலன் கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை என்பதை இங்கே எழுதினால், புதிதாகத் தொடங்குபவர்கள் பணத்தையும் தரவையும் காப்பாற்றிக்கொள்ள அது உதவும். என் அனுபவத்தை முதலில் பதிகிறேன்.

நான் ஸ்டூடியோ நடத்துகிறேன். ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, பி250 சிப்செட் கொண்ட மதர்போர்டு, நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் 1 டி.பி. வன்தட்டு ஆகியவை கொண்ட கணினியில் விண்டோஸ் 10 ஓடியது. இயக்கிய பிறகு முகப்புத்திரை வந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னரும் வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், எந்த மென்பொருளைத் திறந்தாலும் காத்திருக்க வேண்டும். இதற்குக் காரணம் தட்டின் இயக்கத்திலேயே இருக்கிறது. இத்தகைய தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதியும், தலை உரிய தடத்துக்கு நகர மேலும் எட்டு ஒன்பது மில்லிநொடியும் செலவாகின்றன. ஆகவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கே.பி. துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ எண்பது துண்டுகளே கிடைக்கும். ஒரே நீளமான கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்.பி.யைத் தாண்டும் அதே தட்டு, விண்டோஸ் துவங்கும் நேரத்தில் நொடிக்கு 1 எம்.பி.யைக்கூட எட்டாமல் திணறுவது இதனால்தான்.

இன்டெல் நிறுவனமும் மைக்ரான் நிறுவனமும் 2015-இல் அறிவித்த 3டி கிராஸ்பாயிண்ட் நினைவகத்தை அடிப்படையாகக் கொண்டு, 2017 ஏப்ரலில் ஆப்டேன் மெமரி என்ற பெயரில் 16 ஜி.பி., 32 ஜி.பி. அளவுகளில் சிறு பலகைகள் விற்பனைக்கு வந்தன. மதர்போர்டின் எம்.2 சொருகுமிடத்தில் பொருத்தி, வன்தட்டின் முன்னால் நிற்கும் கேஷாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். நான் 16 ஜி.பி. பலகையை வாங்கினேன். அமைப்பதற்கு முன் சில நிபந்தனைகள் இருந்தன: செயலி குறைந்தது ஏழாம் தலைமுறையாகவும் சிப்செட் 200 வரிசையாகவும் இருக்க வேண்டும், விண்டோஸ் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய துவக்க முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். துவக்கத் தட்டின் இறுதியில் எந்தப் பகுதிக்கும் ஒதுக்கப்படாத 5 எம்.பி. இடம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை சிறியதாகத் தோன்றினாலும், அது இல்லாவிட்டால் நிறுவல் முன்னேறாது. வட்டு மேலாண்மைக் கருவியில் கடைசிப் பகுதியைச் சற்றே சுருக்கி அந்த இடத்தை உண்டாக்கினேன்.

பலன் எங்கே தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் துவங்குவதும், தினமும் திறக்கும் படத்திருத்த மென்பொருளும், அதன் படப்பட்டியலில் உள்ள சிறுபடங்கள் திரையில் நிரம்புவதும் ஒரு வாரப் பயன்பாட்டுக்குள் கண்கூடாக விரைந்தன. ஆனால் திருமண நிகழ்ச்சியில் எடுத்த படங்களை கேமரா கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுக்கும் நேரம் சிறிதும் குறையவில்லை. அந்தப் பலகையின் குறிப்பேட்டைப் பார்த்தால் காரணம் புரியும்: நொடிக்கு 900 எம்.பி. படிக்கக்கூடிய அது, எழுதும்போது 145 எம்.பி. அளவிலேயே நிற்கிறது, ஆரோக்கியமான ஒரு வன்தட்டு தொடர்ச்சியாக எழுதும் வேகமும் ஏறத்தாழ அதுவே. மேலும், புதிதாக வரும் படம் இதற்கு முன் யாராலும் படிக்கப்படாதது. கேஷில் அது இருக்க வழியில்லை. திரும்பத் திரும்பப் படிக்கப்படும் தரவுக்குத்தான் கேஷ் உதவும் என்பதை எத்தனை விளம்பரங்கள் மறைத்தாலும் நாம் மறக்கக் கூடாது.


லினக்ஸ் பயனர்

ஸ்டூடியோ நண்பரின் பதிவு தெளிவாக இருந்தது. என் அனுபவம் லினக்ஸ் சார்ந்தது. மென்பொருள் உருவாக்கும் பணிக்காக 2 டி.பி. வன்தட்டு ஒன்றையும், பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத விரைவான சேமிப்பகம்) ஒன்றையும் இணைத்து பிகேஷ் என்னும் அமைப்பைப் பயன்படுத்தினேன். 2013-இல் வெளியான லினக்ஸ் 3.10 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) அது சேர்க்கப்பட்டுவிட்டது. தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை, குறிப்பிட்ட சிப்செட்டும் தேவையில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அது எதைக் கேஷில் வைக்க வேண்டும், எதை வைக்கத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கும் விதம். தொடர்ச்சியாக 4 எம்.பி.க்கு மேல் நீளும் படித்தலையும் எழுதுதலையும் அது இயல்பாகவே எஸ்.எஸ்.டி.யைத் தொடாமல் நேராக வன்தட்டுக்கு அனுப்பிவிடும். தொடர்ச்சியான வேலையில் வன்தட்டே போதிய வேகம் உடையது. அதற்காகக் கேஷில் உள்ள பயனுள்ள துண்டுகளை வெளியே தள்ளுவது வீண். ஒரு முழுநீளத் திரைப்படத்தை ஒருமுறை பார்த்ததால் அன்றாடம் வேண்டிய கோப்புகள் கேஷிலிருந்து விரட்டப்படாமல் இருப்பது இந்த ஒரு ஏற்பாட்டினால்தான். கேஷில் எத்தனை விழுக்காடு வேண்டுகோள்கள் நிறைவேறின என்பதை ஐந்து நிமிடம், ஒரு மணி, ஒரு நாள், மொத்தம் என்று தனித்தனியாக அது கணக்கிட்டும் வைக்கிறது. எண்ணத்தில் தோன்றும் வேகத்தை நம்புவதைவிட அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. நிரல்களைத் தொகுக்கும் (கம்பைல்) வேலை நடக்கும் நாட்களில் என் கணினியில் அந்த விழுக்காடு உயர்ந்தும், காணொளிகளை இடம்மாற்றும் நாட்களில் தாழ்ந்தும் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

புதிதாக அமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிகேஷ் தனக்கென ஒரு தலைப்புப் பகுதியை வன்தட்டில் எழுதுவதால், ஏற்கெனவே தரவு நிறைந்த தட்டை அப்படியே இணைக்க முடியாது. தரவை வேறிடத்துக்கு மாற்றி, அமைத்த பின் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள், தங்கள் தட்டு எல்.வி.எம். (தட்டை நெகிழ்வான பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், எல்.வி.எம். கேஷைப் பயன்படுத்தலாம், அதை இருக்கும் பகுதியின் மேலேயே இணைக்கவும் பின்னர் கழற்றவும் முடியும்.

எழுதும் முறைகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரைட்-த்ரூ முறையில் ஒவ்வோர் எழுத்தும் (அதாவது எழுதப்படும் தரவும்) வன்தட்டைச் சேர்ந்த பிறகே முடிந்ததாகக் கருதப்படும், எஸ்.எஸ்.டி. பழுதானாலும் தரவு முழுதாக இருக்கும். ரைட்-பேக் முறையில் எழுத்து எஸ்.எஸ்.டி.யோடு நின்று, பின்னர் மெதுவாக வன்தட்டுக்குப் போகும். வேகம் கூடும், ஆனால் அந்த இடைவெளியில் எஸ்.எஸ்.டி. செத்துவிட்டால் வன்தட்டில் இருப்பது முழுமையற்ற தரவு. பழைய எஸ்.எஸ்.டி.யை நம்பி ரைட்-பேக் வைக்க என் மனம் ஒப்பவில்லை. பிகேஷின் இயல்பு நிலையான ரைட்-த்ரூவையே வைத்துக்கொண்டேன், அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.


ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர்

இளைஞர்கள் இருவரும் எழுதியதைப் படித்தபோது, இதே கேள்வியை விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலேயே நாங்கள் சந்தித்தது நினைவுக்கு வந்தது. அப்போது ஸ்மார்ட்டிரைவ் என்ற நிரல் இருந்தது. கணினி துவங்கும்போது தானாக இயங்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ரேமின் ஒரு பகுதி வன்தட்டுக்குக் கேஷாகிவிடும். பள்ளி ஆய்வகத்துக் கணினிகளில் மாணவர்கள் ஒரே நிரலைத் திரும்பத் திரும்ப இயக்கியதால், இரண்டாம் முறை அது திறக்கும் விரைவைக் கண்டு அவர்கள் வியந்ததுண்டு.

1993 மார்ச்சில் வந்த எம்.எஸ்.-டாஸ் 6.0 பதிப்பில் தட்டில் எழுத வேண்டிய தரவையும் தாமதப்படுத்தி வைக்கும் வழக்கம் இயல்பாகவே இயங்கியது. திரையில் கட்டளைக் குறி திரும்பிவிடும். வேலை முடிந்தது என்று எண்ணிப் பயனர் மின்சாரத்தை நிறுத்துவார். ஆனால் தரவு அப்போதும் ரேமில் காத்துக்கொண்டிருக்கும். இதனால் கோப்புகள் சேதமடைந்தன. அதே ஆண்டின் இறுதியில் வந்த 6.2 பதிப்பில் எழுத்துக் கேஷ் இயல்பாக நிறுத்தப்பட்டது. வேண்டுமென்று இயக்கினாலும், காத்திருக்கும் தரவு தட்டில் எழுதப்பட்ட பிறகே கட்டளைக் குறி திரும்பும்படி மாற்றப்பட்டது. லினக்ஸ் நண்பர் இன்று ரைட்-த்ரூவைத் தேர்ந்தெடுத்ததும் அதே காரணத்துக்காகத்தான் என்பதைப் பார்க்கிறேன்.

மற்றொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டைத் (ரெஜிஸ்ட்ரி) திறந்து செகண்ட் லெவல் டேட்டா கேஷ் என்னும் மதிப்பை மாற்றினால் வன்தட்டு வேகமெடுக்கும் என்று ஒரு குறிப்பு பல ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மதிப்பு, செயலி தனக்கெனப் பயன்படுத்தும் சிறு நினைவகமான எல்2 கேஷைப் பற்றியது. வன்தட்டோடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. செயலியின் கேஷ் அளவைத் தானாகக் கண்டறிய முடியாத மிகப் பழைய கணினிகளுக்காக வைக்கப்பட்ட அது, இன்றைய கணினிகளில் எந்த மாற்றத்தையும் தராது. மாணவர்களிடம் இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இங்கே படிப்பவர்களும் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.


ரேம் குறைந்த கணினி வைத்திருப்பவர்

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. நான் எழுத வேண்டியது சிறிதுதான். விண்டோஸ் 7 ஓடிய 1 ஜி.பி. ரேம் கணினியில் ரெடிபூஸ்ட் வசதியைப் பயன்படுத்தினேன். யூ.எஸ்.பி. பென் டிரைவைச் செருகி, அதன் பண்புகள் பக்கத்தில் அவ்வசதியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதில் எழுதப்படுவது மறையாக்கம் செய்யப்பட்ட நகல் மட்டுமே, மூலம் எப்போதும் வன்தட்டில் இருக்கும் என்பதால், பென் டிரைவைப் பிடுங்கினாலும் தரவு போகாது. உலாவியும் சொற்செயலியும் சேர்ந்து ஓடும்போது தடுமாற்றம் ஓரளவு குறைந்தது. பின்னர் 2 ஜி.பி. ரேம் சேர்த்தபோது கிடைத்த முன்னேற்றத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. காலியாக இருக்கும் ரேமை விண்டோஸ் தானாகவே வன்தட்டின் கேஷாகப் பயன்படுத்திக்கொள்வதால், ரேம் சேர்ப்பதே கேஷ் சேர்ப்பதுதான் என்பது என் கருத்து.


கணினி பழுதுநீக்குபவர்

மேலே எழுதியவர்கள் யாரும் தொடாத ஒரு செய்தியை, பணியிடத்தில் கண்டதை வைத்து எழுதுகிறேன். ஒரு கணக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்த கணினியில், எழுத வேண்டிய தரவை ரேமிலேயே பல நொடிகள் தேக்கி வைத்து மொத்தமாக எழுதும் ஒரு மென்பொருளை யாரோ நிறுவியிருந்தார்கள். வேகம் உண்மையாகவே அதிகரித்திருந்தது. ஊழியர்களும் மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார்கள். மின்வெட்டு வந்தபோது யூ.பி.எஸ். மின்கலம் வலுவிழந்திருந்ததால் கணினி உடனே அணைந்துவிட்டது. கடைசிச் சில நொடிகளின் பதிவுகள் மட்டும் போயிருந்தால் மீண்டும் உள்ளிட்டிருக்கலாம். ஆனால் தேக்கி வைத்த எழுத்துகளில், கோப்புகள் தட்டில் எங்கே இருக்கின்றன என்ற கோப்பு முறைமையின் குறிப்புகளும் அடங்கும். அவற்றில் சில எழுதப்பட்டும் சில எழுதப்படாமலும் நின்றதால், பல நாட்களாகத் தொடாத கோப்புறைகள்கூடத் திறக்கவில்லை. முந்தைய வாரத்து நகலிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். அந்த வாரத்துப் பதிவுகளை ரசீதுகளைப் பார்த்து மீண்டும் உள்ளிட வேண்டியதாயிற்று.

விண்டோஸின் சாதன மேலாளரில் வன்தட்டைத் தேர்ந்தெடுத்து, கொள்கைகள் என்ற பக்கத்துக்குச் சென்றால் இரண்டு தேர்வுப் பெட்டிகள் தெரியும். முதலாவது எழுத்துக் கேஷை இயக்குவது. உள்ளேயுள்ள வன்தட்டுகளுக்கு அது பெரும்பாலும் இயக்கப்பட்டே இருக்கும், அப்படியே விடலாம். முக்கியமான தருணங்களில் கேஷில் உள்ளதைத் தட்டில் எழுதிவிடு என்று விண்டோஸ் அனுப்பும் கட்டளையை நிறுத்துவது இரண்டாவது. தனி மின்சேமிப்பு உள்ள சாதனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அந்தப் பெட்டியின் கீழேயே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக் கணினியில் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அறிவுரைகளை நான் வன்மையாக மறுக்கிறேன்.


திரியைத் தொடங்கியவர்

பழுதுநீக்கும் நண்பர் எழுதியது எல்லோரும் படிக்க வேண்டிய செய்தி. அதையொட்டி ஆப்டேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் பலகையும் வன்தட்டும் சேர்ந்து ஒரே தொகுதியாக இயங்குவதால், பலகையைக் கழற்றுவதற்கு முன்னும், பயாஸில் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலில்) வன்தட்டு இணைப்புக்கான சாட்டா முறையை மாற்றுவதற்கு முன்னும், பயாஸைப் புதுப்பிப்பதற்கு முன்னும், இன்டெல் மென்பொருளில் ஆப்டேன் கேஷின் முடுக்கத்தை நிறுத்திவிட்டு, கணினி மீண்டும் துவங்கும் வரை பொறுத்திருங்கள். அப்போதுதான் பலகையில் தேங்கியிருக்கும் எழுத்துகள் முழுதும் தட்டுக்குப் போய்ச் சேரும்.

2022 ஜூலையில் இன்டெல் ஆப்டேன் தொழிலையே முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டதால், இன்று புதிதாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். என் ஸ்டூடியோவிலும் இப்போது விண்டோஸும் படப்பட்டியலும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கின்றன, படங்கள் மட்டும் வன்தட்டில் உள்ளன. பல டி.பி. தரவை வைத்துக்கொண்டு அதில் ஒரு சிறு பகுதியையே அன்றாடம் தொடுபவர்களுக்குத்தான் கேஷ் இன்னும் பொருளுள்ளது. அப்படி அமைக்க எண்ணுபவர்கள் தங்கள் தட்டின் அளவையும், ரேமையும், எந்தக் கோப்புகளைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள் என்பதையும் இங்கே எழுதினால், லினக்ஸ் நண்பரும் நானும் எந்த முறை பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறோம்.