செயின் கடைக் கோப்பி: வறுத்த திகதி எங்கே?

வெள்ளவத்தையான்:
"கொழும்பில் நம்பிக் குடிக்கக்கூடிய கோப்பி செயின் கடையில்தான் இருக்கிறது. மலைநாட்டுத் தூள் ஒரு தரம் இருந்தது போல மறு தரம் இருக்காது" என்று காலிவீதிக்காரன் நேற்று இந்த மன்றத்தில் எழுதியதைப் பார்த்து எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி. அந்தக் கடையில் கொட்டை வறுத்த திகதியை எப்போதாவது உங்களுக்குக் காட்டியிருக்கிறார்களா? காலாவதித் திகதி இல்லை, வறுத்த திகதி. வறுத்த கொட்டையில் நல்ல வாசம் நிற்பது சில கிழமைகள்தான். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்புக் கூடி இன்னும் கெதியாகப் போய்விடும். கப்பலில் வந்து களஞ்சியத்தில் கிடந்த கொட்டைக்கு என்ன வாசம்?

காலிவீதிக்காரன்:
பம்பலப்பிட்டியில் குடித்தாலும் ராஜகிரியவில் குடித்தாலும் ஒரே ருசி. அதற்குப் பெயர்தான் தரம். பல நாட்டுக் கொட்டைகளைக் கலப்பதே ஒரு நாட்டில் விளைச்சல் பிழைத்தாலும் ருசி மாறாமல் இருக்கத்தான். நீங்கள் மலைநாட்டுத் தூள் வாங்கும் மில்லில் ஒரு நாள் பச்சையாக, ஒரு நாள் கரியாக வறுத்துத் தருவார்கள். அதையும் வாங்கி மணந்து பார்த்துப் பெருமைப்படுங்கள்.

வெள்ளவத்தையான்:
கேட்டது வறுத்த திகதி. பதிலில் ராஜகிரிய வந்திருக்கிறது, திகதி வரவில்லை. ருசி எங்கும் ஒன்றாக இருப்பதன் காரணத்தையும் சொல்கிறேன். கொட்டையைக் கறுக்கக் கறுக்க வறுத்தால் எத்தியோப்பியாவும் பிரேசிலும் ஒன்றுதான். ஊரின் குணம் எரிந்து, வறுப்பின் கசப்பு மட்டும் மிஞ்சும். மேலே பாலும் சீனிப்பாகும் ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?

மெஷின்கை:
நான் எஸ்பிரசோ மெஷினில், அதாவது சுடுநீரை அழுத்திக் கோப்பிச் சாறு இறக்கும் மெஷினில், வேலை செய்தவன். வெள்ளவத்தையான் அண்ணை, வறுத்த அன்றே குடித்தால்தான் நல்லது என்ற எண்ணம் பிழை. வறுத்த கொட்டையிலிருந்து காபனீரொட்சைட்டு பல நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடனே மெஷினில் போட்டால் நுரை பொங்கும், சாறு ஒழுங்காக இறங்காது. எஸ்பிரசோவுக்கு ஒரு கிழமையாவது ஆறவிடுவது நல்லது. பையில் இருக்கும் சின்ன வால்வும் வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கத்தான்.

வெள்ளவத்தையான்:
தம்பி, அன்றே குடி என்று நான் எந்த வரியில் எழுதினேன்? ஒரு கிழமை ஆறவிட வேண்டும் என்கிறீர்களே, எந்த நாளிலிருந்து எண்ணுவது? வறுத்த நாளிலிருந்துதானே? அந்தத் திகதி இல்லாத பையை வைத்து எப்படி எண்ணுவீர்கள்? நன்றி, என் கட்சியைப் பலப்படுத்தினீர்கள்.

மெஷின்கை:
உங்கள் கட்சியில் நான் சேரவில்லை. வால்வைப் பற்றி ஒரு சொல்லும் காணோம்.

மல்லிக்கோப்பி:
எங்கள் வீட்டில் கோப்பிக்கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும் கொஞ்சம் மிளகும் சேர்த்து வறுத்து இடிப்போம். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் அப்படித்தான். நீங்கள் சண்டை பிடிக்கும் இரண்டுமே எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது.

காலிவீதிக்காரன்:
அக்கா, அது தடிமனுக்குக் குடிக்கிற கஷாயம். இங்கே கோப்பியைப் பற்றிப் பேசுகிறோம்.

மல்லிக்கோப்பி:
கரமல் பாகும் கிரீமும் அப்பிக் குடிக்கிறவர் எனக்குக் கோப்பி படிப்பிக்க வேண்டாம். மருந்தென்றே வையுங்கள், உங்கள் கடைக் கோப்பி அதற்கும் உதவாது.

பதுளைப் பிள்ளை:
எல்லோரும் "மலைநாட்டுக் கோப்பி" என்கிறீர்கள், மலைநாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தேயிலைக்கு முன்னால் இந்த நாடு கோப்பி நாடு. உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து எங்கள் ஆட்கள் மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் முக்கியமாகக் கோப்பியை இறக்கத்தான். 1869இல் கோப்பிச் செடியைத் தாக்கும் இலைத்துரு நோய் இங்கே பதிவானது. இருபது வருசத்துக்குள் எல்லாம் சரிந்தது. வெள்ளவத்தையான், நீங்கள் வாங்கும் தூள் எந்த ஊர்க் கொட்டை? கோப்பியில் எந்த இனம், உயரத்தில் விளையும் அரபிகாவா, கீழே வீட்டுத்தோட்டத்து ரொபஸ்டாவா?

வெள்ளவத்தையான்:
வரலாறு எனக்கும் தெரியும், மரியாதையும் இருக்கிறது. ஆனால் பேச்சு புதுசைப் பற்றியது. எங்கள் மில்லில் என் கண் முன்னால் வறுத்து அரைக்கிறார்கள். அதைவிட என்ன திகதி வேண்டும்?

பதுளைப் பிள்ளை:
திகதி கேட்கிறவர் ஊர் கேட்டால் ஏன் நழுவுகிறீர்கள்? ரொபஸ்டாவில் கஃபீன் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ருசியும் வேறு, கசப்பும் வேறு. எந்தக் கொட்டை என்றே தெரியாமல் "ஊரின் குணம்" என்று எழுதுவது எங்கள் ஊரின் பெயரை வைத்து வெள்ளவத்தையில் பெருமை அடிப்பது. கொட்டையைப் பறித்த கைக்கு எவ்வளவு கிடைத்தது என்று செயின் கடையும் சொல்வதில்லை, உங்கள் மில்லும் சொல்வதில்லை.

காலிவீதிக்காரன்:
பிள்ளை சரியாகக் கேட்டார். திகதி திகதி என்று கத்தினவர் ஊர் என்றதும் அடங்கிவிட்டார்.

வெள்ளவத்தையான்:
அடங்கவில்லை. கண்டிப் பக்கத்துக் கொட்டை என்று மில்லில் சொன்னார்கள், எனக்கு அது போதும். காலிவீதிக்காரன் இத்தனை பதிவுக்குப் பிறகும் ஒரு திகதி தரவில்லை. போன மாதம் இந்த மன்றத்தில் வீட்டு வாடகை பற்றிய திரியிலும் இப்படித்தான், கேட்டதை விட்டு வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போனார்.

காலிவீதிக்காரன்:
வாடகைத் திரியில் தோற்றது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அரைத்த தூளைக் கிலோக் கணக்கில் வாங்கி ஃபிரிஜ்ஜில் வைக்கிறேன் என்று அங்கே எழுதியதும் நீங்கள்தானே? அதுவா புதுசு?

மெஷின்கை:
ஃபிரிஜ்ஜா? வெளியே எடுத்துத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கொழும்புக் காற்றின் ஈரம் தூளில் படியும். பக்கத்தில் இருக்கும் மீன் வாசமும் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளிச்சம் படாத அலுமாரியில் வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

வெள்ளவத்தையான்:
எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜில் மீன் வைப்பதில்லை.

மல்லிக்கோப்பி:
மீன் வைக்காத வீட்டுக்கும் ஈரம் வரும். நான் வறுத்த கொட்டையைப் போத்தலில் வைத்து வேண்டிய அளவு மட்டும் இடிக்கிறேன். கஷாயம் என்றவர் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறேன்.

காலிவீதிக்காரன்:
மல்லி போட்டால் கஷாயம்தான் அக்கா. அதில் மாற்றமில்லை.