திரெவின்யோ யாருக்கு? ஆலவாவுக்கா, புர்கோஸுக்கா?

வரைபடப்பித்தன்:
ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் ஆலவா மாகாணத்து வரைபடத்தைப் பாருங்கள், நடுவில் ஓர் ஓட்டை. அதுதான் திரெவின்யோ. 250 சதுர கி.மீ.க்கு மேல் பரப்பு, இரண்டே நகராட்சிகள். சுற்றிலும் ஆலவா. ஆனால் நிர்வாகமோ பக்கத்துத் தன்னாட்சிப் பகுதியான காஸ்தில்-லெயோனின் புர்கோஸ் மாகாணத்தில். ஆலவாவின் தலைநகர் வித்தோரியா சுமார் 20 கி.மீ.தான்; புர்கோஸ் நகரம் அதைப்போல் பல மடங்கு தூரம். பேசாமல் ஆலவாவோடு சேர்த்துவிட வேண்டியதுதானே? மறுப்பவர்கள் வாருங்கள்.

பழைய ஓலை:
நான் வருகிறேன். திரெவின்யோவை நிறுவியவர் நவார் மன்னர் ஆறாம் சான்சோ. 1181-இல் வித்தோரியாவை நிறுவியவரும் அவரேதான். 1200 வாக்கில் இரண்டுமே பக்கத்துக் காஸ்தில் அரசின் கைக்குப் போயின. வழி பிரிந்தது அப்புறம். 1332-இல் ஆலவாப் பிரபுக்கள் தங்கள் அர்ரியாகா சபையைக் கலைத்துவிட்டு, உரிமைகளைப் பேசி வாங்கிக்கொண்டு காஸ்தில் மன்னரோடு சேர்ந்தார்கள். திரெவின்யோவை 1366-இல் காஸ்தில் மன்னர் இரண்டாம் என்ரிக்கே, மான்ரிக்கே என்ற பிரபுக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். வரைந்தவர் கை நடுங்கியதால் விழுந்த ஓட்டை இல்லை இது.

வரைபடப்பித்தன்:
யாரோ ஒரு ராஜா யாருக்கோ கொடுத்ததற்கு இன்றைக்கு அங்கே குடியிருப்பவர் என்ன செய்வார்? 1833-இல் ஸ்பெயினை மாகாணங்களாகப் பிரித்தபோதே சரிசெய்திருக்கலாம். பிரித்தவர் பெயரும் ஹவியேர் தே புர்கோஸ்! (ஆள் கிரனாடா பக்கத்துக்காரர், சந்தேகம் வேண்டாம்.) உள்ளூர் நகராட்சிகளே ஆலவாவோடு சேரக் கேட்டிருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:
கேட்டால் மட்டும் போதாது நண்பரே. பாஸ்க் நாட்டின் 1979 தன்னாட்சிச் சட்டம், உள்ளே சிக்கிய ஊர்கள் வந்து சேர வழி வைத்திருக்கிறது. காஸ்தில்-லெயோனின் 1983 சட்டமோ, வெளியேறுவதற்குத் தன் பக்க அனுமதியையும் கேட்கிறது. 1986-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த இரண்டாவது சட்டத்தின் பக்கம் நின்றது. கதவு இருக்கிறது, சாவி எதிர்வீட்டில்.

வரியையும் மறக்காதீர்கள். ஆலவா தன் வரியைத் தானே வசூலித்து, மாட்ரிட்டுக்கு ஒரு பங்கு மட்டும் கட்டுகிறது. 1937-இல், உள்நாட்டுப் போரின்போது, பிராங்கோ இந்த உரிமையை மற்ற இரண்டு பாஸ்க் மாகாணங்களான பிஸ்காயாவிடமும் கிபுஸ்கோவாவிடமும் பறித்தார். தன் பக்கம் நின்ற ஆலவாவிடம் விட்டுவைத்தார். ஆகவே திரெவின்யோ மாறினால் கஜானாவும் மாறும். புர்கோஸ் சும்மா கொடுக்குமா?

பழைய ஓலை:
அதோடு இன்னொன்று. ஒர்துன்யா நகரம் பிஸ்காயாவுக்குச் சொந்தம், ஆனால் பிஸ்காயாவைத் தொடாமல் ஆலவாவுக்கும் புர்கோஸுக்கும் நடுவே கிடக்கிறது. சுற்றியிருப்பவரோடு சேர்வதுதான் நியாயம் என்றால், அதையும் பிடுங்கித் தருவீர்களா? அங்கே மட்டும் யாரும் ஓட்டை என்று சொல்வதில்லை.

வரைபடப்பித்தன்:
ஒர்துன்யாக்காரர்கள் கேட்டால் தாராளமாக. வரைபட அழகை விடுங்கள், அந்த வாதத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குடியிருப்பவர் என்ன சொல்கிறார் என்பதுதான் என் கட்சி. ஓட்டெடுப்பு வைக்கட்டும், அங்கே மட்டும்.

பழைய ஓலை:
சரி, வைக்கட்டும். இரண்டு நகராட்சிகளில் பெரியது சேரவேண்டும் என்கிறது, சின்னதான லா புவேப்லா தே அர்கன்சோன் மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது?

வரைபடப்பித்தன்:
ஓட்டை சின்னதாகும்.