ஆதிமனுசன் சாப்பாட்டுக் கதைய வச்சு பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லித் தர்றது?

ஞாயிறு டீச்சர்:
வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட்ல செம்பனத் தோட்டத்த ஒட்டுன ஒரு கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கெழம காலைல டியூஷன் எடுக்குறோம், படிவம் 1ல இருந்து 4 வரைக்கும் பிள்ளைங்க வருவாங்க, பாதிப் பேரு பசியாறாமத்தான் வருவாங்க. வர்ற வழியில கடையில ஒரு சிராப் தண்ணி, கூட ஒரு மீ பாக்கெட்ட அப்படியே பச்சையா நொறுக்கி அந்தத் தூளப் போட்டு குலுக்கி வாயில கொட்டிக்கிட்டே உள்ள நுழைவாங்க. எங்க பக்கம் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத வீட்ட தேடித்தான் கண்டுபிடிக்கணும், அதனால எனக்கு இத பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

சுக்கு சுக்கு செபாரோ (தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கறி, பாதி காய்கறி பழம்) போஸ்டர காட்டுனா "தெரியும் டீச்சர்"ங்கிறாங்க, தமிழ்ப்பள்ளியில இருந்தே பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு. அதான் மனுசன் ஆரம்பத்துல இருந்து என்ன சாப்பிட்டு எப்படி வந்தான்னு அங்கருந்து ஆரம்பிக்கலாம்னு நெனைக்கிறேன். ஆனா படிவம் 4 பையன் ஒருத்தன் இப்பவே டிக்டாக் பாத்துட்டு ஆதிமனுசன் வெறும் கறிதான் சாப்பிட்டான், சோறு விசம்னு சொல்லி சோத்தையே விட்டுட்டான், மூணு வேளையும் பொரிச்ச கோழிதான் கேக்குறானாம், அவங்க அம்மா என்கிட்ட வந்து அழுவுறாங்க. நான் கதைய ஆரம்பிச்சா இன்னும் நாலு பேரு அந்தப் பக்கம் போயிடுவாங்களோன்னு பயம். யாராவது இப்படி நடத்தியிருக்கீங்களா? கையால செஞ்சு பாக்குற மாதிரி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.

கோலகங்சார் வாத்தியார்:
டீச்சர், தாராளமா நடத்துங்க. ஆப்பிரிக்காவுல ஆரம்பிக்காதீங்க, உங்க ஊர்ல இருந்து காடி எடுத்தா போயிடக்கூடிய லெங்கோங்ல ஆரம்பிங்க. அங்க குனோங் ருந்து குகையில 1991ல ஒரு எலும்புக்கூட்ட தோண்டி எடுத்தாங்க, பேராக் மனிதன்னு பேரு, 10,000 வருசத்துக்கும் மேல பழசு. அவர பொதைக்கும்போது கூடவே ஆயிரக்கணக்குல ஆத்து நத்த ஓடு, மிருக எலும்பு எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. அந்த நத்தைய இன்னிக்கும் நம்ம பக்கம் சந்தையில விக்கிறாங்க, நுனிய ஒடச்சிட்டு கறி வச்சு உறிஞ்சி சாப்பிடுறாங்கல்ல, அதே வகைதான். 2012ல அந்தப் பள்ளத்தாக்கையே யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடமா அறிவிச்சிருச்சு. பிள்ளைங்களுக்கு இது நம்ம பேராக்னு தெரிஞ்சா காது கொடுத்துக் கேப்பாங்க.

அந்தப் பையனுக்கு சரவாக் நியா குகைய சொல்லுங்க. பத்தாயிரக்கணக்கான வருசத்துக்கு முன்ன அங்க இருந்தவங்க பன்னி, கொரங்கு எல்லாம் வேட்டையாடியிருக்காங்க, அதோட காட்டுக்கெழங்கும் தோண்டியிருக்காங்க, அப்படியே தின்னா ஆளையே கொல்ற கெழங்கு, கொட்டை எல்லாத்தையும் விசத்த எடுத்துட்டு சாப்பிட்டதுக்கு தடயம் இருக்கு. ஐரோப்பாவுல நியாண்டர்தால்ங்கிற பழைய மனுச இனத்தோட பல்லுல ஒட்டியிருந்த காரைய சுரண்டிப் பாத்தப்ப அதுல வெந்த மாவுச்சத்து இருந்துச்சு. வெறும் கறி தின்ன கூட்டம்னு நெனச்சவங்க பல்லுலயே மாவு! அதனால "ஆதிமனுசன் சாப்பாடு"ன்னு ஒரே ஒரு சாப்பாடு கெடையாது, கடலோரத்துல இருந்தவன் மீன சாப்பிட்டான், காட்டுல இருந்தவன் கெழங்கையும் தேனையும் சாப்பிட்டான், எது கெடைக்குதோ அத சாப்பிடத் தெரிஞ்சதுதான் மனுசனோட பலம். இத அந்தப் பையன் மனசுல பதிய வச்சுட்டீங்கன்னா பாதி வேல முடிஞ்சிரும்.

நெருப்பையும் விட்றாதீங்க, தென்னாப்பிரிக்காவுல வண்டர்வெர்க் குகையில 10 லட்சம் வருசத்துக்கு முன்ன நெருப்பு எரிஞ்ச சாம்பல் கெடச்சிருக்கு. நம்ம மூள ஒடம்பு எடையில 2% தான், ஆனா சும்மா ஒக்காந்திருக்கும்போதே ஒடம்பு செலவழிக்கிற சக்தியில 20% அதுக்கே போவுது, வேக வச்ச சாப்பாடு இல்லாம இதுக்குத் தீனி போடுறது கஷ்டம்னு ஆராய்ச்சியாளருங்க நெறையப் பேரு சொல்றாங்க.

செஞ்சு பாக்கணும்னா, ஆளுக்கு ஒரு கரண்டி வெறும் சோறு குடுங்க, கொழம்பு உப்பு எதுவும் வேணாம். முழுங்காம ஒரு நிமிசம் நல்லா மென்னுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. மொதல்ல சப்புன்னு இருக்கும், அப்புறம் மெல்ல மெல்ல இனிக்க ஆரம்பிக்கும். எச்சில்ல இருக்கிற அமைலேஸ்ங்கிற நொதி மாவுச்சத்த ஒடச்சு சீனியாக்குது. இந்த அமைலேஸ் செய்யிற மரபணு சிம்பன்சிக்கு ரெண்டு பிரதிதான் இருக்கும், மனுசங்களுக்கு பல பேருக்கு அதவிட நெறைய, மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டு வந்த சமூகங்கள்ல சராசரியா இன்னும் கூட. சோறு விசம்னா ஒடம்பு எதுக்கு இத வச்சிருக்கப்போவுது? அந்தப் பையனையே கேள்வி கேக்க விடுங்க.

பழைய டிரெசர்:
வாத்தியார் தம்பி நல்லா சொன்னீங்க. நான் தோட்ட ஆஸ்பத்திரியில டிரெசரா (மருத்துவ உதவியாளரா) இருந்து ஓய்வு எடுத்தவன், எனக்கு சோத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். எந்தச் சோறுங்கிறதுதான் கேள்வி. நூறு வருசத்துக்கு முன்ன மலாயாவுல பெரிபெரி நோயில ஆயிரக்கணக்கான பேரு செத்தாங்க, காலு வீங்கும், நடக்க முடியாது, கடைசியில நெஞ்சு அடைச்சிரும். சீனத் தொழிலாளிங்களுக்கு நெறைய வந்துச்சு, நம்ம தமிழாளுங்களுக்கு ரொம்ப கொறச்சல். ஏன்னா அவங்க சாப்பிட்டது சியாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து வந்த நல்லா தீட்டுன வெள்ள அரிசி, நாம சாப்பிட்டது புழுங்கலரிசி. வில்லியம் பிளெட்சர்னு ஒரு டாக்டரு 1905 வாக்குல கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில இருந்தவங்கள ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் புழுங்கல், ஒரு பக்கம் வெள்ள அரிசி குடுத்துப் பாத்தாரு, வெள்ள அரிசி சாப்பிட்டவங்களுக்குத்தான் நோய் வந்துச்சு. (அந்த நோயாளிங்கள யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டாங்க, அதையும் பிள்ளைங்களுக்கு சொல்லணும்.) அப்புறம் பிரேசர், ஸ்டாண்டன்னு ரெண்டு பேரு நெகிரி செம்பிலான்ல ரோடு போட்ட தொழிலாளிங்ககிட்ட பாத்து அதையே உறுதி பண்ணாங்க. நெல்ல ஊறவச்சு அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற, பெரிபெரி வராம தடுக்கிற பி1 சத்து உள்ள அரிசிக்குள்ள எறங்கிடுது, தீட்டுனாலும் முழுசா போவாது. நம்ம கெழவிங்க செஞ்ச வேல உசுரக் காப்பாத்தியிருக்கு மா.

இன்னொண்ணு, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசைக்கு) பின்னால எல்லார் வீட்டுலயும் முருங்க இருக்கும், பசலி இருக்கும், கருவாட்டுக் கொழம்புல கத்திரிக்கா கெடக்கும், ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கெழங்குதான் எங்க அப்பா தலமுறைய காப்பாத்துச்சு. விடியக்காலைல ரப்பர் பால் வெட்டப் போனா ஏத்தம் எறக்கம்னு எவ்வளவு நட! இப்ப வீட்டுக்கு வீடு மோட்டார், சாப்பாடு மட்டும் அதே குண்டாச் சோறு. பிள்ளைங்கள அவங்கவங்க தாத்தா பாட்டிகிட்ட அனுப்பி, அந்தக் காலத்துல காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க.

கிளினிக் தங்கச்சி:
நான் அரசாங்க கிளினிக்ல உணவு ஆலோசகரா இருக்கேன். டீச்சர், ஒரு கோரிக்க, தயவுசெஞ்சு பிள்ளைங்கள வகுப்புல வச்சு எட பாக்காதீங்க, யாரையும் குண்டுன்னு காட்டிப் பேசாதீங்க. இந்தக் கதையில எனக்குப் புடிச்சதே யாரையும் குத்தம் சொல்லாம பேச முடியுதுங்கிறதுதான். காட்டுல இனிப்புன்னா பழுத்த பழம், தேன், ரெண்டும் எப்பவாச்சும் கெடைக்கிறது, கெடச்சா வயிறு முட்ட சாப்பிட்டு கொழுப்பா சேத்து வச்சவன் பஞ்சத்துல தப்பிச்சான், அந்த ஒடம்பத்தான் நாமளும் வச்சிருக்கோம். அதே நாக்கு இப்ப கடைவாசல்ல ரெண்டு வெள்ளிக்கு எப்பவும் கெடைக்கிற சிராப்புக்கு முன்னால நிக்குது. ஆச வர்றது அந்தப் பிள்ளையோட தப்பு இல்ல. அதுவும் மென்னு சாப்பிடுற அளவுக்கு, குடிக்கிற சீனி வயித்த நெரப்பாது, ஒரு போத்தல் முடிஞ்சதும் மீயும் கேக்கும்.

2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3% பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்கள மட்டும் எடுத்தா கிட்டத்தட்ட 31%. "நம்ம ரத்தமே அப்படி"ன்னு சிலர் கைய விரிச்சிடுவாங்க, அத வகுப்புல விடாதீங்க. பஞ்சத்துக்குப் பழகுன மரபணுன்னு 1962ல ஜேம்ஸ் நீல்னு ஒரு மரபியல் ஆராய்ச்சியாளர் சொன்ன கருத்து இன்னும் விவாதத்துலதான் இருக்கு, பரம்பரைக்கு பங்கு உண்டு, ஆனா அது மட்டும் இல்ல.

செய்முறைக்கு, காலி டப்பா, போத்தல் எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லுங்க. 100 மில்லிக்கு எத்தன கிராம் சீனின்னு போட்டிருக்கும், மொத்த அளவுக்குப் பெருக்கி, தராசுல சீனிய நிறுத்து ஒரு கண்ணாடி கிளாஸ்ல கொட்டச் சொல்லுங்க. 2019 ஜூலையில இருந்து 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா வரி, அதனால சில தண்ணியில 4.9ன்னு போட்டிருக்கும், பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும், ரொம்ப ஆர்வமா தேடுவாங்க.

ஞாயிறு டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணா, ஐயா, தங்கச்சி. டிரெசர் ஐயா சொன்ன புழுங்கலரிசி விசயம் எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல, படிச்சிட்டு எங்க அம்மாகிட்ட ஓடிப்போய் சொன்னேன். சோறு மெல்றதும் டப்பாவும் ஒரே நாள்ல வேணாம், ரெண்டு வாரமா பிரிச்சுக்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் இருக்கு, கோயில் மண்டபம்ல, சைவக் குடும்பமும் இருக்காங்க, ஒரு அப்பா இப்பவே "கொரங்குல இருந்து வந்தோம்னு சொல்லித் தரப் போறீங்களா"ன்னு கேட்டுட்டாரு.

கோலகங்சார் வாத்தியார்:
அவருகிட்ட மொதல்லயே பேசிடுங்க டீச்சர். இன்னிக்கு இருக்கிற கொரங்குல இருந்து நாம வரல, நமக்கும் சிம்பன்சிக்கும் 60, 70 லட்சம் வருசத்துக்கு முன்ன பொதுவா ஒரு மூதாதை இருந்துச்சுங்கிறதுதான் அறிவியல், இத மறைக்காம மரியாதையா சொல்லிடுங்க. சைவப் பிள்ளைங்களுக்கு கெழங்கு, பருப்பு, கீரன்னு அவங்க தட்டுல இருக்கிறதையே எடுத்துப் பேசலாம், யாரையும் கறி சாப்பிடுன்னு நாம சொல்லப்போறதில்ல. லெங்கோங் கூட்டிட்டுப் போறதா இருந்தா பள்ளி லீவுல வைங்க, நானும் வர்றேன். அப்புறம் அந்தச் சோறு மெல்றதுக்கு முன்ன எல்லாரையும் வெறும் தண்ணியில வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க, சிராப் குடிச்ச வாயோட வந்தாங்கன்னா சோத்து இனிப்பு நாக்குக்குத் தெரியவே தெரியாது.