இசை ஊடகத்தில் பாலியல் தொல்லை: உள்ளூர் புகார் குழுவை அணுகியவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இசை நிகழ்ச்சிகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பாளராக இருக்கும் என் தோழியின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். மூத்த தயாரிப்பாளர் ஒருவர் படப்பிடிப்பில் தொட்டுப் பேசுவதும், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக எழுதுவதும் பல மாதங்களாகத் தொடர்ந்தன. கடைசிச் சம்பவம் நடந்து பத்து வாரங்கள் ஆகின்றன. குழுவில் இது தெரியாதவர் இல்லை. "அவரைப் பகைத்துக்கொண்டால் ஒரு இசையமைப்பாளர்கூட நமக்குப் பேட்டி தரமாட்டார்" என்று சொல்லி அவளை அடக்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நிரந்தர ஊழியர் அல்ல என்று கூறி மனிதவளப் பிரிவு புகாரை வாங்க மறுத்துவிட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்பதும், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் அந்த அலுவலகத்தில், இப்படிப்பட்ட புகார்களை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்க வேண்டிய உள்ளகப் புகார் குழுவே கிடையாது. இத்தகைய நிலையில் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழு மனுவை ஏற்றுக்கொண்டதா, சாட்சி சொல்லச் சக ஊழியர்கள் அஞ்சும்போது இதுபோன்ற வாட்ஸ்அப் செய்திகளை ஆதாரமாக எப்படிச் சமர்ப்பித்தீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்களும் வழக்கறிஞர்களும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பெயர்களைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். ரகசியம் காப்பதும் அதே சட்டத்தின் விதிதான்.