கூடப் படிச்சவன் மருத்துவபீடம், நான் பிந்திப் போனேனோ?

திருநெல்வேலிப் பெடியன்:
மூண்டு தரமும் உயர்தரப் பரீட்சை எழுதி முடிஞ்சுது. இனி எழுதினாலும் கம்பஸுக்கு எடுக்க மாட்டினம். இப்ப மோட்டர் வைண்டிங், அதுதான் மோட்டருக்குக் கம்பி சுத்திற வேலை, பழகிறன். ஒரே வாங்கில இருந்தவன் மருத்துவபீடம். ரியூசன் ஒழுங்கையில அவன்ர படம் போட்ட பனர் இன்னும் தொங்குது, வெயிலுக்கு நிறம் வெளிறிப்போச்சு. அம்மா அந்த ஒழுங்கையால வராமல் சுத்திப் போறா. அதுதான் தாங்கேலாமக் கிடக்கு.

கொக்குவிலான்:
தம்பி, கோவிக்காதேங்கோ. ஒப்பிட்டுப் பாக்காமல் எங்கட சனம் முன்னேறேல்ல. கம்பஸுக்கு ஆக்களை எடுக்க 2001இல வந்த இசட் புள்ளி என்ன? உங்கட புள்ளியில சராசரியைக் கழிச்சு நியம விலகலால பிரிக்கிறது. மற்றவன் எங்க நிக்கிறான் எண்டதுதான் முழுக்கணக்கும். பக்கத்து வீட்டு அண்ணை இஞ்சினியர் ஆனதைப் பாத்துத்தான் நான் விடிய 4 மணிக்கு எழும்பினன். "என்ர வேகம்" எண்டு ஆறுதல் சொன்னால் பெடியள் படுத்திடுவாங்கள்.

சாவகச்சேரி அக்கா:
அந்தக் கணக்கு ஒரே பாடத்தை ஒரே நாளில எழுதினவைக்கு. வாழ்க்கைக்கு ஆர் சராசரி எடுத்தது? அதோட, கம்பஸில 55 வீத இடத்தை மாவட்ட அடிப்படையில ஏன் குடுக்கினம்? எல்லாரும் ஒரே கோட்டில இருந்து ஓடேல்ல எண்டு தெரிஞ்சபடியால்தானே.

1995 ஒக்ரோபர் 30, யுத்தத்தால யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில நிண்டனான். தலையில புத்தகப் பை, கையில தம்பி. விடியுமட்டும் ஒரு அடி, ரெண்டு அடியாத்தான் நகர்ந்தம். படிப்பு 2 வருசம் பிந்திச்சு. கொழும்பில இருந்த மச்சாள் அதுக்குள்ள பட்டமே எடுத்திட்டா. அவவைப் பாத்துப் பாத்து அழுத நாளுகள்தான் எனக்கு வீணாப்போனது, பிந்தின வருசங்கள் இல்லை.

கொக்குவிலான்:
அக்கா, உங்களை மறிச்சது யுத்தம். தம்பியை ஒருத்தரும் மறிக்கேல்ல. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ.

சாவகச்சேரி அக்கா:
மறிச்சது எது எண்டு வெளியில நிண்டு சொல்லேலாது அண்ணை. மூண்டு தரம் எழுதினவனைப் படுத்துக்கிடந்தான் எண்டு சொல்ல எனக்கு மனம் வராது.

திருநெல்வேலிப் பெடியன்:
கொக்குவில் அண்ணை சொன்னது சுட்டது. ஆனால் ஒண்டு. நேற்றுக் கோப்பாயில ஒரு வெங்காயத் தோட்டத்து மோட்டர். கம்பி ரெண்டு தரம் பிழைச்சு, மூண்டாந்தரம் சுத்தினாப்பிறகுதான் ஓடினது. தோட்டக்கார ஐயா எத்தினை தரம் எண்டு கேக்கேல்ல, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் திருப்பப் போயிட்டார். பின்னேரம் அம்மாவுக்கு அதைச் சொன்னனான். காசு எவ்வளவு தந்தவர் எண்டு கேட்டா.