மொய் கணக்கு இருந்த பிளாப்பி: எங்க குடும்பக் குழுவுல ரெண்டு நாள்

சனி

அப்பா, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிகொண்டா மாமா வீட்டுப் பேத்திக்கு வர்ற ஆவணியில கல்யாணம். 1991ல கவிதா கல்யாணத்துக்கு அவங்க என்ன மொய் வெச்சாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? பீரோவுக்கு அடியில இருந்து நோட்டை எடுத்தேன். கரையான் பாதிக்கு மேல தின்னுடுச்சு.

கவிதா அத்தை, 9:15
ஐயோ. அப்பா கையெழுத்து இருந்த நோட்டு ஆச்சே அண்ணா 😢

பெரியப்பா, 9:21
நோட்டு போச்சுன்னு விட்டுடாதீங்க. அந்தக் கணக்கு மொத்தத்தையும் நான் அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல இருந்த எக்ஸ்டி கம்ப்யூட்டர் பொட்டி சத்துவாச்சாரி வீட்டுப் பரண்லதான் கீது. கணக்கைப் பதிஞ்சு வெச்ச பிளாப்பி டிஸ்க் டப்பாவும் அங்கயே இருக்கும். மதன் வீட்ல இருக்கானா?

மதன், 9:50
இறக்கிட்டேன் பெரியப்பா. பொட்டி, பச்சை மானிட்டர், கீபோர்டு, 23 பிளாப்பி. அஞ்சேகால் இன்ச். ஒண்ணு மேல உங்க கையெழுத்துல "மொய் – கவிதா" இருக்கு. பவர் போட்டுப் பாக்கட்டா?

பெரியப்பா, 9:51
போடாதே! இரு.

பெரியப்பா, 10:04
சொல்றதைக் கேளுடா கண்ணு. பொட்டி போச்சுன்னா இன்னொரு பொட்டி எங்கயாவது தேடலாம். அந்த பிளாப்பி ஒண்ணுதான் இருக்குது. அதனால மொய் பிளாப்பியைக் கடைசியாத்தான் டிரைவ்ல போடணும்.

மொதல்ல டிஸ்கைப் பாரு. உறைக்கு நடுவுல நீட்டு ஓட்டை இருக்கும், அதுலதான் டிரைவோட ஹெட், அதான் படிக்கிற எழுதுற முனை, படும். நடு வட்டத்துல விரலை வெச்சு மெதுவா சுத்திகினே டார்ச் அடிச்சுப் பாரு. பழுப்பா, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா நல்லது. வெள்ளைப் புள்ளி, மேகம் மாதிரி படிஞ்சிருந்தா அது பூஞ்சை. பூஞ்சை டிஸ்கைப் போட்டா அது ஹெட்ல ஒட்டிக்கும். அப்புறம் நீ போடற அடுத்த டிஸ்கை அந்த ஹெட்டே சுரண்டிடும். நல்ல டிஸ்கும் போயிடும்.

ஓட்டைக்குள்ள மட்டும் விரல் வெச்சிடாதே.

மதன், 10:31
[படம்]
மொய் டிஸ்க் சுத்தமா இருக்கு பெரியப்பா. கணக்கு ஏத்தின புரோகிராம் டிபேஸ், அது இருக்கற ரெண்டு டிஸ்கும் நல்லா இருக்கு. ஆனா "டாஸ்"னு எழுதினது மூணுலயும் வெள்ளை வெள்ளையா இருக்கு.

பெரியப்பா, 10:33
அதுங்களைத் தனியா வெச்சிடு. டாஸ்ங்கிறது பொட்டியை ஸ்டார்ட் பண்ற சிஸ்டம், அது எங்கயும் கிடைக்கும். மொய் டிஸ்க் ஓரத்துல சதுரமா ஒரு வெட்டு இருக்கும் பாரு, அதை டேப் போட்டு மூடு. அப்பதான் தப்பித் தவறிகூட மேல எழுதாது.

திவ்யா, 10:36
மூடினாதான் பாதுகாப்பா பெரியப்பா? சின்ன பிளாப்பியில ஓட்டை திறந்திருந்தாத்தானே எழுதாது?

பெரியப்பா, 10:38
ஆமா பாப்பா, மூணரைக்கு அப்படித்தான். அஞ்சேகாலுக்கு நேர் எதிர். கவிதாவைக் கேளு, இன்ஸ்டிட்யூட்ல கருப்பு ஸ்டிக்கர் வெட்டி வெட்டி ஒட்டுறது அவ வேலைதான்.

கவிதா அத்தை, 10:40
ஒரு டப்பாவுக்கு பத்து ஸ்டிக்கர். கல்யாணத்துக்கு மொத வாரம்கூட ஒட்டிகினு இருந்தேன்.

மதன், மாலை 4:45
பவர் சப்ளையை (எஸ்.எம்.பி.எஸ்.) போர்டுல இருந்து கழட்டி, ஒரு டிரைவை மட்டும் லோடுக்கு மாட்டி மீட்டர் வெச்சேன். 5 வோல்ட், 12 வோல்ட் ரெண்டும் சரியா வருது. அடுத்த மாடல் 286ஆ இருந்திருந்தா பேட்டரி ஒழுகி போர்டை அரிச்சிருக்கும். எக்ஸ்டி போர்டுல பேட்டரியே இல்ல, தப்பிச்சோம்.

மொபைல் சர்வீஸ் கடையில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி ஹெட்டைத் துடைச்சேன். துணி பழுப்பா வந்துச்சு. மேல் ஹெட்டைத் தாங்குற ஸ்பிரிங் தகடு ரொம்ப மெல்லிசு, அதைத் தூக்காம இடுக்குல துணியை விட்டுத்தான் துடைச்சேன். ஹெட் நகர்ற கம்பியில பழைய கிரீஸ் பிசினா இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்துட்டு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இப்ப விரலால தள்ளினாலே போகுது.

பெரியப்பா, 4:50
ஓட்டுக்குக் கீழ, வேலூர் வெயில்ல இத்தனை வருஷம். கிரீஸ் இறுகாம இன்னா பண்ணும். நல்ல வேலை பண்ண.

மதன், 5:32
பவர் போட்டேன். மெமரி எண்ணிகினே போய் 640 கே.பி.ல நின்னுது, ஒரு பீப். ஆனா டிரைவ் லைட் எரிஞ்சா எரிஞ்சபடி இருக்கு. அணையவே இல்ல.

பெரியப்பா, 5:33
ஆஃப் பண்ணு உடனே. கேபிளைத் திருப்பி மாட்டியிருக்க. செவப்புக் கோடு போட்ட பக்கம், டிரைவ் பின்னால சின்ன வெட்டு இருக்கே, அந்தப் பக்கமா வரணும். கேபிள்ல ஒரு இடத்துல சில கம்பி முறுக்கி இருக்கும். முறுக்குக்கு அப்பால மாட்டுறதுதான் ஏ டிரைவ்.

மதன், 5:58
லைட் சரியாயிடுச்சு. பூஞ்சை இல்லாத ஒரு ஓரங்கட்டின டிஸ்கைப் போட்டுப் பாத்தேன். "நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எர்ரர்"னு வருது. டிரைவ் போயிடுச்சா பெரியப்பா?

பெரியப்பா, 6:02
டேய், அது நல்ல சேதிடா! அந்த வரி பொட்டிக்குள்ள இருக்கற வரி இல்ல. பார்மேட் பண்ணும்போது டாஸ் பிளாப்பியோட மொத செக்டார்ல எழுதி வெக்கிறது. 512 பைட். அதை உன் டிரைவ் படிச்சு, அந்த புரோகிராம் ஓடித்தான் ஸ்கிரீன்ல அது வருது. ஹெட், மோட்டார், கேபிள், கன்ட்ரோலர் கார்டு எல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். டாஸ் பைல்கள் மட்டும்தான் அந்த டிஸ்குல இல்ல.

அப்பா, 6:05
அண்ணா, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு இவன் கூடத்துல குதிக்கிறான்.

ஞாயிறு

மதன், காலை 11:40
காகிதப்பட்டறையில ஒரு பழைய டிடிபி கடையில அஞ்சேகால் டிரைவோட பென்டியம் இருந்தது. எக்ஸ்டியை ஸ்டார்ட் பண்ண விண்டோஸ் 98ல பூட் டிஸ்க் போட்டுக் கொண்டு வந்தேன். எக்ஸ்டியில கர்சர் மட்டும் நிக்குது, மேல போகல.

பெரியப்பா, 11:52
98ல இருக்கற டாஸுக்கு 386 சிப்பாவது வேணும். எக்ஸ்டில இருக்கறது அதைவிடப் பழைய 8088 ஆச்சே. அந்தக் கடையில டாஸ் 6.22 இருக்கான்னு கேளு, அது இதுல ஓடும். பார்மேட் பண்ணும்போது 360 கே.பி.ன்னு சொல்லிப் பண்ணணும், பின்னாடி ஸ்லாஷ் எஸ் போடணும், அப்பதான் டாஸ் பைலும் அதுல ஏறும்.

இன்னொண்ணு. அந்தக் கடையில இருக்கறது 1.2 எம்.பி. டிரைவ், 80 டிராக், அதாவது டிஸ்குல 80 வட்டமா எழுதும். நம்மளது 40 டிராக். அதோட ஹெட் சின்னது, பெரிய ரோட்டு நடுவுல சைக்கிள் ஓட்டின மாதிரி மெல்லிசாத்தான் எழுதும். ஏற்கெனவே எழுதின டிஸ்கா இருந்தா ரெண்டு ஓரத்துலயும் பழைய எழுத்து அப்படியே நிக்கும். நம்ம டிரைவ் பழசு புதுசு ரெண்டையும் சேத்துப் படிச்சுக் குழம்பிடும். அதனால ஒரு தடவைகூட பார்மேட் பண்ணாத டிஸ்க்தான் வேணும். டப்பாவுக்கு அடியில பிரிக்காத பாக்கெட் ஒண்ணு வெச்சேன், "டபுள் சைட் டபுள் டென்சிட்டி"ன்னு போட்டிருக்கும். அதுல ரெண்டு எடுத்துகினு போ.

கவிதா அத்தை, 11:55
சாப்ட்டுட்டுப் போடா. வெயில் கொளுத்துது.

மதன், மாலை 6:20
[படம்]
ஏறிடுச்சு!!! தேதி கேக்குது. "செவ்வாய், 01-01-1980"ன்னு காட்டுது.

பெரியப்பா, 6:21
அதுக்குள்ள கடிகாரம் இல்ல. நாமதான் தினமும் சொல்லணும். காலையில இன்ஸ்டிட்யூட் தொறந்ததும் எனக்கு மொத வேலை அதுதான்.

பெரியப்பா, 6:22
இப்ப மொய் டிஸ்கை பி டிரைவ்ல போடு. திறந்து பாக்காதே. நேரா ஏ டிரைவ்ல இருக்கற புது டிஸ்குக்குக் காப்பி.

மதன், 6:29
பாதியில டர்ர் டர்ர்னு சத்தம். "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்" கேக்குது.

பெரியப்பா, 6:29
ஆர் அழுத்து. நாலஞ்சு தடவைக்கு மேல வேணாம்.

மதன், 6:31
ரெண்டு தடவை ஒண்ணும் ஆகல.

மதன், 6:32
மூணாவது தடவை தாண்டிடுச்சு!! "ஒரு பைல் காப்பி ஆச்சு"ன்னு வந்துடுச்சு.

அப்பா, 6:33
நான் பக்கத்துலதான் நிக்கிறேன். கை நடுங்குது எனக்கு.

பெரியப்பா, 6:34
மொய் டிஸ்கை எடுத்து உறையில போட்டுடு. இனிமே எல்லாம் காப்பியிலதான். டிபேஸ் போட்டு, மெனு வந்ததும் எஸ்கேப் அழுத்து. வெறும் புள்ளி ஒண்ணு வந்து நிக்கும். அங்க யூஸ் மொய், அப்புறம் லிஸ்ட்.

மதன், 6:47
412 பேர். பேரு, ஊரு, தொகை, குறிப்பு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச தமிழ். பச்சை எழுத்து மேல ஓடிகினே இருக்கு. வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர், திருப்பத்தூர்...

பெரியப்பா, 6:49
அப்ப அதெல்லாம் ஒரே மாவட்டம். வட ஆற்காடு அம்பேத்கர். தாத்தா நோட்டைப் பாத்து ஒவ்வொண்ணா படிப்பாரு, நான் அடிப்பேன். மூணு ராத்திரி ஆச்சு. குறிப்புன்னு ஒரு பத்தி வெக்கச் சொன்னது அவர்தான். காசு மட்டும் எழுதினா வந்த ஆளு எப்படித் தெரியும்னாரு.

மதன், 6:53
பள்ளிகொண்டா மாமா: 101. குறிப்பு: "அரிசி 2 மூட்டை, பந்தல் இவங்க".

அப்பா, 6:55
பந்தலே அவங்கதானா. 101ன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா கணக்குப் பாத்து ஏதோ செஞ்சிட்டு வந்திருப்பேன். நாலு நாள் முன்னாடியே போய் நிக்கணும் அண்ணா. நீங்களும் வரணும்.

பெரியப்பா, 6:56
வர்றேன். பந்தல் செலவு நம்மளதுன்னு போன் பண்ணிச் சொல்லிடு.

கவிதா அத்தை, 7:02
மதன், அணைக்கட்டுல நம்ம பழைய வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆயா இருந்தாங்க. பூ கட்டுவாங்க. அவங்க வந்தாங்களா இல்லையான்னு எனக்கு இத்தனை வருஷமா தெரியல. கூட்டத்துல பாக்கவே இல்ல.

மதன், 7:06
பூக்கார ஆயா, அணைக்கட்டு. ரூபாய் 5. குறிப்பு: "பஸ் வரல. நடந்து வந்தாங்க. சாப்பிடாம போயிட்டாங்க".

பெரியப்பா, 7:07
ஆமா. அதைப் படிக்கும்போது தாத்தா கொஞ்ச நேரம் நிறுத்திட்டாரு. ஞாபகம் வருது.

கவிதா அத்தை, 7:15
அந்த ஒரு வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புடா.

மதன், 7:16
[படம்]