பத்தாம் வகுப்பு கணக்கில் பாதிப் பேர் ஃபெயில்: பொறுப்பு பிள்ளைகளுக்கா, பள்ளிக்கா?

கேள்வி (எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்):
அரசு உயர்நிலைப் பள்ளி. காலாண்டுத் தேர்வில் கணக்கில் பாதிப் பேர் 35 எடுக்கவில்லை. "வீட்டில் புத்தகத்தையே தொடுவதில்லை" என்கிறார்கள் ஆசிரியர்கள். "ஒழுங்காக நடத்துவதில்லை" என்கிறார்கள் பெற்றோர்கள். கூட்டத்தில் சண்டையாகாமல் இதை எப்படிப் பேசுவது?

கணக்கு டீச்சர்:
விடைத்தாள்களைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியலும் வரைபடமும் தலா 8. இந்த 30 மதிப்பெண்ணும் பழகப் பழக வருபவை. நடத்தி, பயிற்சியும் கொடுத்த பிறகு இதையே எழுதாமல் விட்டிருந்தால் மாணவரைக் கேட்பது நியாயம்.

ஐந்து மதிப்பெண் கணக்கில் சூத்திரம் சரியாக இருந்து, வகுத்தலிலோ மைனஸ் குறியிலோ சறுக்கினால் கதை வேறு. அது பத்தாம் வகுப்புக் குறையே அல்ல. 735 ÷ 7, −7 + 3, 2/3 + 1/4, ஒரு சொற்கணக்கு: இந்த நான்கையும் கொடுத்துப் பாருங்கள், கால் மணி நேரம் போதும். எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தேர்ச்சி சதவீதத்தை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் பள்ளி அந்த 30-ஐ மட்டும் உருவேற்றும். பிள்ளை பாஸாகும், பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டரிலேயே திணறும்.

ஓய்வுபெற்ற ஹெச்எம்:
கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24-ஐப் படியுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையான கூடுதல் பயிற்சி தருவது ஆசிரியர் கடமை என்கிறது. எட்டாம் வகுப்பு வரை அது சட்டக் கடமை. ஆகவே "ஆல் பாஸ் போட்டதால் கெட்டது" என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். கூடுதல் பயிற்சி இல்லாமல் மேலே தள்ளியதுதான் கெடுத்தது.

கணக்குப் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது, டெபுடேஷனில் (தற்காலிகமாக வேறு இடத்துப் பணிக்கு) யார் போனார்கள் என்பதையும் கேளுங்கள். காலியாக இருந்தால் இருக்கிற ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள்.

இன்னொரு ஆசிரியர்:
வருகைப் பதிவேட்டைக் கிழமைவாரியாகப் பாருங்கள். திங்கள்தோறும் வராத பிள்ளை பெரும்பாலும் வேலைக்குப் போகும், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கே வீட்டுக்கு போன் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதப் பெயர்ப்பட்டியலையும் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். நடுவில் டிசி வாங்கியவர்கள் எல்லாம் மெல்லக் கற்பவர்களாகவே இருந்தால், சதவீதத்துக்காக வடிகட்டியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போது தொடங்கினால் மார்ச்சுக்குள் அடிப்படை வருமா?

கணக்கு டீச்சர்:
தினமும் 40 நிமிடம், ஏ, பி பிரிவைப் பார்க்காமல் நிலை வாரியாகக் குழு பிரித்தால் வகுத்தலும் குறிகளும் வரும். பின்னம் இழுக்கும். ஆறாம் வகுப்புக்கும் அந்த நான்கு கணக்குச் சோதனையை இந்த மாதமே வையுங்கள்.